ரூபன் அண்ணையின் நூறாவது சிக்ஸர் பந்து

நேற்று நெடுங்கேணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் யாரோ ஒரு பேஸ்போல் வீரர் ஐந்நூறாவது ஹோம் ரன் அடித்த பந்தாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது. எங்களிடமும் அப்படியொரு பந்து இருந்தது, ஒரேயொரு பின்னேரம்.

ரூபன் அண்ணை உழவு மெசின் ஓடிவிட்டு, காலில் சேற்றோடேயே வந்து மட்டை பிடிப்பார். அவருடைய சிக்ஸர்களை எண்ணிக்கொண்டு திரிந்த ஒரே விசரன் நான், அவர்கூட எண்ணியதில்லை. நூறாவது, கனகராயன்குளத்தாரோடு நடந்த மட்சில் வந்தது. பந்து வயலுக்குள் விழ, பாய்ந்து பொறுக்கி, சேர்ட்டில் துடைத்து, "அண்ணை, இதை வைச்சிருக்கோணும்!" என்று கத்தினேன்.

"விளையாட்டைக் குழப்பாமல் எறியடா! இருக்கிறதே ஒண்டு!" என்றார் அண்ணை.

எறிந்தேன். அதே பந்தில், அடுத்த வீச்சிலேயே அண்ணை போல்ட். மட்சும் போச்சு.

அப்போதெல்லாம் பந்துக்குத்தான் மட்ச். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு டெனிஸ் பந்து வாங்குவோம், வென்றவர்கள் கொண்டுபோவார்கள். அவர்களுடைய கப்டனின் சைக்கிளை மறித்தேன்.

"இது நூறாவது சிக்ஸ் அண்ணை, தந்திட்டுப் போங்கோ."

"அப்ப நூத்தியொண்டையும் அடிச்சு வெண்டெடுங்கோ தம்பி."

ரூபன் அண்ணையாவது வாய் திறப்பார் என்று பார்த்தால், "விடடா, தோத்தா தோத்ததுதான்" என்கிறார்!

அடுத்த ஞாயிறு அதே கனகராயன்குளத்தாரை வென்றோம். கிடைத்தது புதுப் பந்து. பழையதைக் கேட்டால், கப்டன் தலையைச் சொறிகிறார்: "அதை உடையார்கட்டாரிட்ட தோத்திட்டம்."

உடையார்கட்டுக்கும் போனேன். ஓர் உரப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். எல்லாம் மயிர் உதிர்ந்த மொட்டைப் பந்துகள். "இதில உம்மட நூறு எது?" என்று ஒரே சிரிப்பு. ஒவ்வொன்றாக மணந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் வயல் சேற்று மணம்.

ரூபன் அண்ணை இப்போது பிரான்சில். பஸ்ஸிலிருந்தே வீடியோவை அனுப்பினேன். குரலில் பதில் வந்தது: "எந்தச் சிக்ஸடா? என்னை போல்ட் ஆக்கின பந்தெல்லோ அது!"

இனி யாரிடம் போய் முட்டிக்கொள்வது? எங்கள் கழகத்துக்கு இப்போது பந்து பெட்டியோடு வருகிறது. மட்ச் முடிய, தோற்றவர்களும் தங்கள் பந்தை எடுத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து வீட்டுக்குப் போகிறார்கள்.