சேலியா, கைலியா?

அந்த ஈஸ்டருக்கு எங்கள் தாராவிக் கோயிலின் தமிழ்ப் பாடகர் குழு ஒரு லத்தீன் பாட்டுப் பாடுவதென்று முடிவானது. அதில் ‘வானத்தின்’ என்ற பொருளில் ஒரு சொல் நான்கு முறை வரும். சுனாபட்டியிலிருந்து வரும் எங்கள் கொயர் மாஸ்டர் அதை ‘சேலி’ என்று, ‘செக்’ என்பதில் வரும் ஒலியோடு, சொல்லிக்கொடுத்தார். தூத்துக்குடியில் சிறு வயதில் அவர் கற்றது.

நான் ஐரோலிக்கு வேலைக்குப் போகும் ரயிலில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது, பழைய ரோமர்கள் அதைக் ‘கைலி’ என்றார்கள் என்று படித்தேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழுவில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிக்காரர்கள். எங்களுக்குக் கைலி என்றால் லுங்கி. பேஸ் என்னும் கீழ்க்குரலில் பாடும் மூவரிடம் மட்டும், இதுதான் சுத்தமான உச்சரிப்பு என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லிவைத்தேன்.

ஒத்திகையில் அவர்கள் அப்படியே பாட, வாக்குவாதம் வந்தது. ஜெர்மனியில் படித்த பங்குத்தந்தையிடம் போனோம். அங்கே ‘ட்ஸேலி’ என்பார்கள் என்றார். தும்மல்போல் இருந்தது. சேலிதான் என்று மாஸ்டர் முடித்துவிட்டார். மூவரும் தலையாட்டினார்கள்.

ஈஸ்டரன்று இரண்டு முறை ஒழுங்காகப் போனது. மூன்றாவதில், பெண்கள் மூச்சு வாங்கிய இடத்தில், மூவரும் கணீரென்று ‘கைலி’ என்றார்கள். பூசை முடிந்ததும் ஜவுளிக்கடை அண்ணாச்சி மாஸ்டரை வாசலில் நிறுத்தினார்.

“ரொம்ப சந்தோசம் மாஸ்டர். அப்படியே நம்ம கடைப் பேரையும் சேத்துப் பாடிருக்கலாம்.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. என் வேலைதான் என்று ஊகித்துவிட்டார்போல, இரண்டு ஞாயிறு என்னிடம் பேசவும் இல்லை. மூன்றாம் ஞாயிறு நானே போய் ஒப்புக்கொண்டேன்.

“ரோமாபுரிக்காரன் எப்படிப் பேசுனாம்னு எனக்குத் தெரியாதுடே,” என்றார். “எங்க ஊரு பங்குச்சாமி சொல்லித் தந்தத நான் சொல்லுதேன். அம்புட்டுத்தான்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாட்டை எழுதிக்கொடுக்கும் வேலையைத் தண்டனையாகத் தந்தார். தமிழ் படிக்கத் தெரியாத இளசுகளுக்கு இந்தி எழுத்தில் எழுதினேன், சரியாகப் பாடினார்கள். தமிழில் வாசித்தவர்களோ ‘ஸேலி’ என்றார்கள். நம் ‘ச’வின் குணம் அது. வேறு வழியின்றி முன்னால் ஒரு ‘ச்’ சேர்த்து ‘ச்சேலி’ என்று திருத்தினேன்.

இப்போது அந்த இடம் வரும்போதெல்லாம் எதையோ மிதித்துவிட்டவர்கள்போல் ‘ச்சே’ என்கிறார்கள். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான் மும்முரமாகத் தாளைப் புரட்டுகிறேன்.