கருகிய மல்லிச் செடி

எங்கள் வைத்திக்குப்பத்தில் இளவேனில் வந்ததைப் பூவைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்வதில்லை. படகுகளைக் கரையேற்றிவிட்டால் சித்திரை வந்துவிட்டது என்று பொருள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் இரண்டு மாதம் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. என் வீட்டுக்காரர் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து வலையைத் தைப்பார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். கோபத்தில் நான் அவருக்குக் கொஞ்சமும் இளைத்தவள் இல்லை.

அந்த வருஷம் பங்குனியில் பிள்ளைகள் இரண்டுக்கும் மொட்டை மாடியில் தோட்டம் போட்டுக் கொடுத்தேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. வீட்டில் ஒரு பூச்செடி வளர்த்துக் காட்ட வேண்டும் என்று மகளின் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். தக்காளி, கத்தரி எல்லாம் சும்மா பேருக்கு. மல்லிதான் ராணி. அது மகளுடையது. தினமும் எழுந்ததும் அரும்புகளை எண்ணுவாள், தம்பியைக் கிட்டே சேர்க்கமாட்டாள். அவன் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்ப்பான்.

எங்கள் பக்கம் செடிக்கு உரம் வாங்கும் வழக்கம் கிடையாது. மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினால் போதும், செடி கும்மென்று வரும். நானும் மீனைக் கழுவிய கையோடு அந்தத் தண்ணீரை மாடிக்கு எடுத்துப்போய் மல்லிக்கு ஊற்றிவிட்டு வருவேன்.

ஒரு நாள் தம்பி மல்லித் தொட்டியில் ஒன்றுக்குப் போய்விட்டான் என்று மகள் புகார் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். மல்லி இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டது. அரும்புகள் கொட்டிப்போயின. மகள் தரையில் புரண்டு அழுதாள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மகனைத் தரதரவென்று மாடிக்கு இழுத்துப்போய்க் கேட்டேன்.

"ஒரு தடவதாம்மா. அப்புறம் போவவே இல்ல" என்றான்.

பொய் வேறு சொல்கிறானே என்று எனக்கு வெறி ஏறியது. கரண்டிக் காம்பால் தொடை தடிக்கத் தடிக்க அடித்தேன். "போவல" என்று சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று கூடுதலாக விழுந்தது. அதோடு விடவில்லை. செத்த செடியை அவன் கையாலேயே பிடுங்கவைத்து, தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரைக்கும் சுமக்கவைத்தேன். வழியில் கேட்டவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து மகள் அவனைச் செடியைக் கொன்னவன் என்றே கூப்பிட்டாள். நான் தடுக்கவில்லை. உள்ளதைச் சொல்வதென்றால், அதைக் கேட்க எனக்கு நன்றாகவே இருந்தது.

வேறொரு மல்லி வாங்கி வைத்தேன். அவன் மாடி ஏறக் கூடாது என்று சட்டம் போட்டேன். இரண்டு வாரத்தில் அதுவும் அதே மாதிரி கருகியது.

இந்த முறை குனிந்து மண்ணைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஏது மீன்? தினமும் கருவாடுதான். கருவாடு ஊறிய உப்புத் தண்ணீரைப் பழக்க தோஷத்தில் நாள் தவறாமல் மல்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். என் கைதான் இரண்டு செடிகளையும் கொன்றது.

திரும்பினால் மகன் கடைசிப் படியில் நிற்கிறான். கருகிய செடியைப் பார்த்துவிட்டான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்:

"நாந்தாம்மா ஒண்ணுக்குப் போனேன்."

இல்லை என்றால் அடி கூடும் என்று கற்றுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மகள் ஏறி வந்துகொண்டிருந்தாள். கீழே வீட்டுக்காரர் இருந்தார். அந்தத் தெரு முழுக்க நான் சொல்லிச் சிரித்த கதை இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அது என் வாயில் வரவில்லை.

"சரி, இனிமே போவாத" என்றேன்.

அவனால் நம்ப முடியவில்லை. ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அன்று முழுக்க என் முந்தானையை விடவில்லை.

இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. நான் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று யாரிடமாவது பேச்சு வந்தால், அடிக்காமல் விட்ட அந்த நாளைத்தான் அவன் சொல்கிறான்.