எரிகிற சொட்டு

1985 ஆடியில் வள்ளித்தாய்க்கு வயது நாற்பத்திரண்டு. சங்கரன்கோவில் தறிக்கூடம் ஒன்றில் இரண்டு விசைத்தறிகளை ஒரே ஆளாக ஓட்டினார். பாவில் ஓர் இழை அறுந்தாலும் அந்த நொடியே தறியை நிறுத்திவிடுவார். இரண்டு மாதமாக அது முடியவில்லை. கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. மூன்று சேலைகளில் கோடு விழுந்துவிட்டது.

"ஆவணி வரைக்கும் பாப்பேன். சரியாகலேன்னா தறிய விட்டுட்டு நீ தார்க்குச்சியில நூல் சுத்தப் போயிரு" என்றார் முதலாளி ஆறுமுகச்சாமி.

தறியை விட்டுக்கொடுக்க வள்ளித்தாய்க்கு மனமில்லை.

அவருக்குக் கண்ணில் அழுத்தநோய். பார்வை போகாமலிருக்க இரண்டு வருடமாகத் தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து. நிறுத்தவே கூடாது என்று திருநெல்வேலி டாக்டரம்மா சொல்லியிருந்தார். மருந்து எரிந்தது. எரிந்தால்தான் மருந்து பிடிக்கும் என்று ஊரே சொல்லும். கண் உறுத்தத் தொடங்கியதும் வள்ளித்தாய் ஐந்து வேளை விட்டார்.

"எல்லாம் பஞ்சுத்தூசிதான்" என்றாள் பக்கத்துத் தறி ரசீதா.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா என்று நான்கு நாள் கூடத்தைப் பூட்டினார்கள். கண் இன்னும் மோசமானது.

"தறி நின்னு நாலு நாளாச்சு. எந்தப் பஞ்சுத்தூசி வந்து விழுந்துச்சு?" என்று ரசீதாவிடம் கேட்டார் வள்ளித்தாய்.

"தபசுக் கூட்டத்துத் தூசியா இருக்கும்."

"நான் தெருவுக்கே போகலை. சொட்டு மட்டுந்தான் விட்டேன்."

மறுநாள் மருந்துச் சீசாவுடன் பஸ் ஏறினார். டாக்டரம்மா அவர் கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழி முழுக்கப் புள்ளிப் புள்ளியாகப் புண்.

"மருந்து கெடாமலிருக்க ஒரு பொருள் சேர்ப்பார்கள். அது கண்ணின் மேல்தோலை அரிக்கிறது. உங்கள் உடம்பும் அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. அடி விழுவது கண்ணுக்கு."

"அந்தப் பொருள் இல்லாம மருந்து தர முடியாதா?"

டாக்டரம்மா யோசித்தார். "ஆஸ்பத்திரியிலேயே கலந்து தரச் சொல்கிறேன். ஏழு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். இரண்டே வேளை."

வள்ளித்தாய் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. தறிக்கூடத்துக்கு எதிரே கருத்தப்பாண்டியின் கலர், சோடாக் கடையில் இருந்தது.

"கலரு ஒண்ணு வாங்க மாட்டிய, இடம் மட்டும் வேணுமாக்கும்?" என்றார் கருத்தப்பாண்டி.

"கண்ணு தெரிஞ்சாத்தான அண்ணாச்சி, என்ன கலருன்னு பாத்து வாங்க முடியும்?"

அவர் சிரித்துக்கொண்டே மேல்தட்டில் இடம் ஒதுக்கினார்.

ஆவணிக் கடைசியில் ஆறுமுகச்சாமி ஒரு சேலையை முழுக்க விரித்துப் பார்த்தார். கோடு இல்லை. அதே இரண்டு தறிகளையும் வள்ளித்தாயே தொடர்ந்து ஓட்டினார். திங்கட்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் திருநெல்வேலி போய்ப் புதுச் சீசா வாங்கி வந்தார்.