புதுத் துப்பாக்கியும் என் தம்பியின் வலது கண்ணும்

பிளவுஸ் அளவு சரிபார்க்கும்போது என் வாயில் குண்டூசிகள் இருக்கும். நாலைந்தை உதட்டில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவது தையல்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். அதில் ஒரு வசதி உண்டு. வந்தவர்கள் என்ன பேசினாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த ஊசிகள் மட்டும் வாயில் இல்லாமல் இருந்திருந்தால் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்திருப்பேன்.

அந்த அம்மாள் அல்சூர் ஏரிக்கரையில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். மர்பி டவுனில் எங்கள் சந்துக்குள் கார் வராது என்பதால் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். ஒரு கையைத் தூக்கிக் காட்டியபடியே மறு கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராணுவத்துக்குப் புது ரைஃபிளாம். ஒரு துப்பாக்கிக்கு இவ்ளோ விலையா? எல்லாம் நம்ம டாக்ஸ் பணம். எங்க வீட்டுக்காரர் சம்பளத்துல பாதி அதுக்கே போயிடுது. பழசுக்கு இப்ப என்ன கேடு வந்துச்சு? சும்மனே ஷோ காட்றதுக்கு வாங்கறாங்க." அப்புறம் ஏதோ நினைவு வந்தவராக என் பக்கம் குனிந்தார். "உங்க தம்பி மிலிட்டரியில இருந்தவர்தானே? நீங்களே சொல்லுங்க. பழசு நல்லாத்தானே இருந்தது?"

நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

வரி கட்டுகிறவர்கள் என்றால் ஏரிக்கரை வீட்டில் இருப்பவர்கள் மட்டும்தான் என்ற நினைப்பு இந்த ஊரில் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. நான் வாங்கும் நூலில் வரி இருக்கிறது. லைனிங் துணியில், கொக்கியில், சாயங்காலம் தின்னும் பிஸ்கெட்டில் இருக்கிறது. அதை யாரும் என் சம்பளத்தில் பிடித்துக் காகிதம் தருவதில்லை, அதனால் நான் கட்டாதவள் ஆகிவிட்டேன். அவரைப் போலவே எனக்கும் கேள்வி கேட்கும் பாத்தியதை உண்டு. சொல்லப்போனால் அவரைவிட ஒரு கண் அதிகமாகவே கட்டியிருக்கிறோம்.

என் தம்பி ராணுவத்தில் சேர்ந்தபோது எங்கள் சந்தில் பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. மர்பி டவுனில் ராணுவம் புதிதல்ல. இங்கே பாதிக் குடும்பங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குத் துணி வெளுக்கவும் குதிரை தேய்க்கவும் வந்தவர்கள்தாம். துப்பாக்கியைத் தூக்குகிற வேலைக்கு எங்கள் வீட்டில் முதலில் போனவன் அவன் என்பதில் அம்மாவுக்கு மட்டும் ஒரு கர்வம் இருந்தது. அம்மா இறந்த பிறகு அந்தக் கர்வத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவனை வடக்கே ஒரு குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பினார்கள். லீவில் வரும்போது துப்பாக்கியைப் பற்றித்தான் அதிகம் பேசுவான், மாமியாரைப் பற்றி மருமகள் பேசுவது மாதிரி. நம் நாட்டிலேயே செய்த துப்பாக்கி அது. வெயில் நாளில் சொன்னபடி கேட்கும். குளிர் ஏறிவிட்டால் அடம் பிடிக்கும். இரண்டு குண்டு போகும், மூன்றாவது சிக்கிக்கொள்ளும்.

"அவங்க கொடுக்கற எண்ணெ அந்தக் குளிர்ல கெட்டியாயிடுதுக்கா. மெழுகு மாதிரி நிக்குது" என்றான் ஒரு முறை. "எங்க செக்‌ஷன்ல எல்லாரும் வீட்லேர்ந்து தையல் மிஷின் எண்ணெதான் கொண்டாந்து போடறாங்க. அது தண்ணி மாதிரி இருக்குது. கெட்டியாவறதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாட்டைக் காக்கிற துப்பாக்கிக்கும் பிளவுஸ் தைக்கிற மிஷினுக்கும் ஒரே எண்ணெயா என்று கேலி செய்தேன். திரும்பிப் போகும்போது என் மேஜை டிராயரில் இருந்த எண்ணெய் பாட்டில்களில் இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஒன்று அவனுக்கு, ஒன்று அவனுடைய ஹவில்தாருக்கு. அவர் தமிழ்நாட்டுக்காரர், கேட்டு வாங்கி வரச் சொல்லியிருந்தாராம்.

அதற்கப்புறம் சில மாதம் கழித்துப் பயிற்சியின்போது சுட்டுக்கொண்டிருக்கையில் துப்பாக்கியின் பின்பக்கத்திலிருந்து கொதிக்கும் எண்ணெயும் புகையும் பீறிட்டு அவன் வலது கண்ணில் அடித்தது. குறி பார்க்கிற கண். கன்னத்தைத் துப்பாக்கியோடு ஒட்டவைத்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதானே சுட வேண்டும்? அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் அப்படித்தான். ராணுவ மருத்துவமனையில் நன்றாகத்தான் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும்.

பிறகு விசாரணை நடந்தது. அனுமதி இல்லாத எண்ணெயை, அதுவும் அளவுக்கு மீறிப் போட்டதால் நேர்ந்த விபத்து, சிப்பாயின் கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள். செக்‌ஷன் முழுக்க அந்த எண்ணெயைத்தான் போட்டது என்று அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. ஹவில்தாரும் திறக்கவில்லை. என் தம்பியும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணுக்கென்று தர வேண்டிய ஓய்வூதியம் அந்த ஒரு முடிவால் இல்லாமல் போயிற்று. அதைவிட மோசம், அவன் போன இடமெல்லாம் கவனக்குறைவு என்ற சொல்லும் கூடவே போயிற்று. வங்கியில் துப்பாக்கிக் காவலாளி வேலைக்குக் கேட்டான். கண் பரிசோதனையிலேயே அனுப்பிவிட்டார்கள். இப்போது அல்சூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் கேட் திறந்து மூடுகிறான்.

எண்ணெய் என் வீட்டு எண்ணெய்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாவத்தை என் தலையில் ஏற்றிக்கொள்ள நான் தயாராக இல்லை. அந்த எண்ணெயை இத்தனை வருஷமாக என் மிஷினுக்கு ஊற்றுகிறேன். அது ஒருநாளும் என் முகத்தில் துப்பியதில்லை.

அந்த அம்மாள் பிளவுஸை வாங்கிக்கொண்டு போன வாரத்திலேயே டிவியில் அதே துப்பாக்கிப் பேச்சு வந்தது. நாலு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு விலைக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி தேவையா, மக்கள் வரிப்பணம் வீணா, இதுதான் விஷயம். நான் ஒரு சுடிதாருக்கு ஓரம் அடித்துக்கொண்டே கேட்டேன். ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நரைத்த மீசைக்காரர், ரொம்ப நிதானமாகப் பேசினார். பழைய துப்பாக்கியில் என்னென்ன கோளாறு என்று விரல் விட்டு எண்ணினார். குளிரில் குண்டு சிக்கும். குண்டு போடும் பெட்டி விரிசல் விடும். சுடுகிறவன் கண்ணில் எண்ணெய் அடிக்கும்.

மிஷின் மிதிப்பதை நிறுத்தினேன்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் ரகசியம் எதுவும் இல்லை. ஊரறிந்த சங்கதி மாதிரி சொன்னார். எல்லா இடத்திலிருந்தும் புகார் வந்ததாம். "நம்ம ஜவான்களோட உயிருக்கு விலை பேசக்கூடாது" என்று முடித்தார். மற்ற மூன்று பேரும் அதற்கு மட்டும் தலையாட்டினார்கள்.

எழுந்து போய் டிவியை அணைத்தேன். துப்பாக்கி வாங்க வேண்டும் என்று காரணம் தேடும்போது எண்ணெய் அடிப்பது துப்பாக்கியின் கோளாறு. என் தம்பிக்கு ஓய்வூதியம் தர வேண்டும் என்றால் அதே எண்ணெய் சிப்பாயின் கவனக்குறைவு. ஒரே வாய்தானே இரண்டையும் சொல்கிறது?

தம்பியை இழுத்துக்கொண்டு போனேன். ஓய்வு பெற்ற படைவீரர்களின் குறை கேட்கும் அலுவலகம் ஒன்றுக்கு. இழுத்துக்கொண்டு என்று சொல்வது சும்மா இல்லை. அவனுக்கு வர மனமே இல்லை.

"போனது போச்சு, விடேன்க்கா. எதுக்கு பேஜாரு? டூட்டி மாத்திக்கினு வரணும்" என்றான்.

"பென்ஷன் கெடக்கட்டும். உன் தப்பு இல்லன்னு அவங்க எழுதிக் கொடுக்கணும். அதுக்குத்தான் போறோம்" என்றேன்.

காக்கிச் சட்டையை மாற்றி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். அறைக்குள் நுழையும்போதே முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. அங்கே இருந்த அதிகாரி மரியாதைக்காரர். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். டீ வரவழைத்தார். ஃபைலைப் பொறுமையாகப் புரட்டினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அவர் கெட்டவர் இல்லை.

டிவியில் கேட்டதைச் சொன்னேன்.

"நோடிம்மா, இங்க பாருங்க, அது நிஜம்தான். பழசுல அந்த ப்ராப்ளம் இருந்தது. இல்லேன்னு நான் சொல்லலை" என்றார். "அதனாலதானே இவ்ளோ செலவு பண்ணி மாத்தறோம்."

"அப்ப இவன் கண்ணுக்கும் அதானே சார் காரணம்?"

"அது ஜெனரலா சொன்னதும்மா. இவர் கேஸ் வேற. இவர் போட்டது அனுமதி இல்லாத எண்ணெய். என்கொயரில முடிஞ்சுபோன விஷயம்."

"நாடு பூரா எண்ணெ அடிச்சுதுன்னு சொல்றாங்களே சார், அத்தன பேரும் என் டிராயர்ல இருந்துதான் எண்ணெ எடுத்துகினு போனாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. "ஒருத்தருக்குத் திருத்தி எழுதினா, இதே மாதிரி இருக்கற எல்லாருக்கும் எழுதணும்மா. எவ்ளோ பேருன்னு யாருக்குத் தெரியும்? மக்களோட வரிப்பணம். இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுக்க முடியாது" என்றார்.

துப்பாக்கிக்கு விலை பேசக்கூடாது. கண்ணுக்கு மட்டும் வரிப்பணம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

பேச்சை மாற்ற அவர் தம்பியைப் பார்த்து, "முன்னாடியே ஒரு தடவை கொஞ்சம் புதுசு வாங்கினோமே, நீங்க வெளிய வர்றதுக்குள்ள உங்க யூனிட்டுக்கு வந்துடுச்சா? பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"வந்தது சாப்" என்றான் தம்பி. அதுவரை வாயே திறக்காதவன். "எனக்கு அப்ப ஃபயரிங் கிடையாது. பொட்டி பிரிக்கற வேலை கொடுத்தாங்க. எல்லாத்தயும் நான்தான் கிரீஸ் தொடச்சு, எண்ணெ போட்டு, அடுக்கி வச்சேன்."

இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. கண் போன பிறகு அவனை அங்கே என்ன செய்ய வைத்தார்கள் என்று நானும் கேட்டதில்லை.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குது சாப். கனம் ஜாஸ்தி, ஆனா கையில நிக்குது. தோள்ல வச்சுப் பாத்தேன். இடது கண்ணால குறி வரலை எனக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "கொடுத்த காசு தகும் சாப். பசங்களுக்கு இருக்கட்டும்."

அதிகாரி தலையாட்டினார். மறுபடி ஒரு மனு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று குரலில் தெரிந்தது. தம்பி எழுந்து நின்று குதிகாலை ஒட்டவைத்துச் சல்யூட் அடித்தான்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைக் காட்டாமலிருக்க வேகமாக நடந்தேன். தகும் என்று சொல்லிவிட்டானே என்றுதான் ஆத்திரம். அவன் சொன்னது உண்மை என்பதால் ஆத்திரம் இன்னும் அதிகமாயிற்று. விலை கொடுத்தாவது நல்ல துப்பாக்கியை வாங்கத்தான் வேண்டும். இன்னொருத்தியின் தம்பி அதைக் கன்னத்தில் ஒட்டவைத்துக் கண்ணைத் திறந்து வைத்திருப்பான். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் என் நூல்கண்டிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். மலிவான துப்பாக்கியால் இத்தனை வருஷம் மிச்சம் பிடித்தது யார் தலையில் விடிந்தது என்று மட்டும் யாராவது ஒரு தரம் சொல்லட்டும்.

சாலையைக் கடக்கும்போது அவன் என் பின்னால் வந்துகொண்டிருந்தான். வலது பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. ஸ்கூட்டர்காரன் பிரேக் போட்டதில் வண்டி சாய்ந்து தம்பியின் முழங்காலில் இடித்து நின்றது. உணவு டெலிவரி பெட்டி வைத்த வண்டி. பையன் மிரண்டுபோயிருந்தான், மிரட்சியில் கன்னடத்தில் கத்தினான். கண் தெரியவில்லையா, பார்த்து வரக்கூடாதா என்று.

நான் திரும்பிச் சண்டைக்குப் போவதற்குள் தம்பி இரண்டு கையையும் உயர்த்திவிட்டான். "சாரி குரு, நந்தே தப்பு" என்றான். என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னான். "என் தப்புதான்க்கா. நான்தான் கவனிக்கல."

எவ்வளவு சரளமாக வந்தது அந்த வார்த்தை. விசாரணையில் அவனை யாரும் மிரட்டியிருக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேராக நின்று, இதே குரலில், அவனே சொல்லியிருப்பான். அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டியது மட்டும்தான் பாக்கி இருந்திருக்கும்.

நடுரோட்டில் அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது. அறையவில்லை. சுற்றிக்கொண்டு அவனுடைய வலது பக்கம் போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கூச்சப்பட்டு உதறப் பார்த்தான். பஸ் ஸ்டாப் வரும்வரை நான் விடவில்லை.