ஒடுக்கத்துப் புதனில் திறந்த சர்பத் கடை

மாவிலையில் குங்குமப்பூ மையால் எழுதிய குர்ஆன் எழுத்துகளைக் கழுவிய தண்ணீருக்கு ஒரு தனி வாசம் உண்டு. அதில் ஒரு மிடறு குடித்த கையோடு கிழக்கிலங்கைக் கரையோரச் சாய்ந்தமருதுப் பிள்ளைகள் நாங்கள் கடலுக்கு ஓடுவோம். இஸ்லாமிய ஆண்டின் இரண்டாம் மாதமான சபரின் கடைசிப் புதனுக்கு "ஒடுக்கத்துப் புதன்" என்று பெயர். அந்த மாதம் முழுவதும் "முசீபத்து" என்னும் பீடை இறங்கும் என்றும், கடைசிப் புதனன்று கடலில் முழுகினால் அது கழன்றுவிடும் என்றும் ஐம்பதுகளில் எங்கள் ஊர் நம்பியது; ஆகவே சபரில் கல்யாணம் இல்லை, புதுத் தொழில் தொடங்குவதும் இல்லை.

எனக்கு ஒன்பது வயதான வருடம், சபர் பிறந்த சில நாளில், கரைவலை இழுக்கும் எங்கள் சாச்சாவின் கால் முறிந்தது. உம்மாவின் தங்கை சுலைகா சாச்சியின் கணவர் அவர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "சபர் பிடிச்சிட்டு" என்று சொல்லிவிட்டுப் போக, சாச்சி கதவைச் சாத்திவிட்டு அவரிடம் கேட்டார்:

"உண்மையச் சொல்லுங்க. கால் சபரால முறிஞ்சதா, ஈரத் தோணியில இருந்து பாய்ஞ்சதால முறிஞ்சதா?"

சாச்சா வலியோடு சிரித்தார். "பாய்ஞ்சதாலதான்."

கால் தேறும்வரை வீட்டுக்கு உழைப்பு இல்லை. சாச்சியின் வீட்டு வளவோ கடலுக்குப் போகும் தெருவில் இருந்தது. ஒடுக்கத்துப் புதனன்று வேலியோரம் சர்பத் விற்கப் போவதாக அவர் சொன்னதும் பக்கத்து வீட்டு ஆசியா மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்கு விசரா புள்ள? சபர்ல ஆரும் கடை தொறப்பாங்களா? அதுவும் ஒடுக்கத்துப் புதன்ல!"

"ஊர் முழுக்க என்ட வாசலால போறது அண்டைக்குத்தானே மாமி. வேற எந்த நாள்ல தொறக்க?"

"நட்டப்பட்டா?"

"அது என்ட பிழை. பழிய மாசத்துட தலையில போடமாட்டன்."

அன்றிலிருந்து எனக்கும் சாச்சியின் மகள் கதீஜாவுக்கும் கால் தரையில் நிற்கவில்லை. பெருநாளுக்கென்று சேர்த்து வைத்திருந்த சீனியில் சாச்சி பாகு காய்ச்சினார். சாச்சா கட்டுப் போட்ட காலை நீட்டியபடி தேசிக்காய் பிழிந்தார். கிடுகு வேலியில் ஒரு ஜன்னலளவு வெட்டி நாங்கள் கடை வாசல் செய்தோம்.

புதன் காலை சம்மாந்துறைப் பக்கத்து மாட்டு வண்டிகள் சலங்கை குலுங்க வரத் தொடங்கின. முதலில் நின்ற வண்டிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "என்னகா இது, உப்புக் கரிக்கிது!"

"நான் சொன்னன்தானே," என்றது ஆசியா மாமியின் குரல்.

சாச்சி கோப்பையை வாங்கித் தானே குடித்துப் பார்த்தார். கடற்கரைக் கிணற்றின் உவர் எங்கள் நாக்குக்குப் பழகியிருந்ததால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கதீஜா அழத் தொடங்கினாள். சாச்சி அவ்வளவு சர்பத்தையும் முற்றத்து மணலில் கவிழ்த்தார்.

"மாசத்தில பிழையில்ல, தண்ணியிலதான் பிழை. நான் பார்த்திருக்கணும். பாகு இன்னும் பாதி இரிக்கி, சனமும் இப்பதான் கடலுக்குப் போகுது. ஓடுங்க புள்ளயள், வயல் பக்கத்துக் கிணத்தில நல்ல தண்ணி அள்ளிட்டு வாங்க!"

ஓடினோம். ஊர் முழுவதும் கிழக்கே கடலைப் பார்த்து வர, நாங்கள் இரண்டு பேர் மட்டும் குடத்தோடு மேற்கே, வண்டிச் சக்கரங்களுக்கும் மாட்டுக் கொம்புகளுக்கும் நடுவால் "வழி, வழி!" என்று கத்திக்கொண்டு ஓடிய அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு வாங்குகிறது. திரும்பும்போது குடம் தளும்பி உடுப்பு முழுவதும் நனைந்துவிட்டது. கடலுக்குப் போகாமலே முழுகிவிட்டோம் என்று கதீஜா சிரித்தாள்.

வெயில் ஏற, சனம் ஈரத் தலையும் உப்பு வாயுமாகத் திரும்பியது. காலையில் துப்பிய வண்டிக்காரரைச் சாச்சி வேலிக்குள் நின்றே கூப்பிட்டார். "காக்கா, காலைல தந்தது என்ட பிழை. இதக் குடிச்சிப் பாருங்க, காசு வேணாம்."

அவர் தயங்கினார், குடித்தார், கோப்பையை அண்ணாந்து கடைசித் துளிவரை வடித்துவிட்டு, "புள்ளயள் எல்லாரும் இறங்குங்க!" என்று வண்டியைப் பார்த்துக் கூவினார். பிறகு என்ன, வேலி நெடுகக் கைகள்! கதீஜா கோப்பை கழுவ, நான் ஊற்ற, சாச்சா உட்கார்ந்த இடத்திலிருந்தே "இன்னும் தேசிக்காய்!" என்று சத்தமிட, பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் பானை வழித்த நிலையில் இருந்தது. கடைசியாக வேலிக்கு மேலால் வளையல் போட்ட கையொன்று கோப்பையை நீட்டியது.

"எனக்கு வெக்கல்லயா புள்ள?" என்றார் ஆசியா மாமி.

"உங்களுக்கு எடுத்து வெச்சிரிக்கன் மாமி."

மறுநாளும் கடை திறந்தது. சாச்சா கால் தேறி வலைக்குத் திரும்பிய பிறகும் அது நடந்தது.

இப்போது அந்தத் தெருவில் மாட்டு வண்டி இல்லை. ஒடுக்கத்துப் புதனுக்கு முழுகப் போகிறவர்களும் இல்லை. கரையைக் கடல் அரித்துக்கொண்டு வந்து, சாச்சியின் வளவு நின்ற இடத்தில் அலை அடிக்கிறது. போன சபரில் கதீஜாவின் பேத்தி கல்முனையில் ஒரு தையல் கடை திறந்தாள். என்ன மாதம் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய், என் சட்டைத் துணியை அவள் மேசையில் விரித்தேன்.