தோடம்பழ நிறத் திகதி

"2007 மாசி. படம் 0417. நாவற்குடா சுதன், தாயுடன். அடையாள அட்டைக்கு நாலு, முழுப்படம் ஒன்று. வெட்டவில்லை."

என் பழைய கொப்பியில் உள்ள வரி இது. போன கிழமை கைபேசி தானாகவே வேறேதோ ஒரு படத்தை நீட்டி, 'பத்து வருடங்களுக்கு முன் இதே நாள்' என்றது. இயந்திரம் சொல்லும் திகதியை நான் சும்மா நம்புவதில்லை. சரிபார்க்கக் கொப்பிகளை இறக்கியபோது இந்த வரி கண்ணில் பட்டது. திகதிப் பைத்தியம் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பைத்தியம் முற்றிய கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்லடியில் ரொனி அங்கிள் என்ற பறங்கியரின் ஸ்டூடியோவில் வேலை செய்தேன். 2004 மார்கழி 26இல் கடல் உள்ளே வந்து பிலிம் கமரா, அருவி வரைந்த திரை, நெகட்டிவ் பெட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துப்போனது. பிறகு பல நாள் சனம் ஈர அல்பங்களோடு வந்தது. பக்கத்தைப் பிரித்தால் உப்பும் சேறும் மணக்கும். முகங்கள் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். இன்றும் பழைய அல்பத்தைத் திறக்குமுன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அங்கிளின் தங்கை அவுஸ்திரேலியாவிலிருந்து தான் பாவித்த டிஜிட்டல் கமராவை அனுப்பினார். "இதுக்குள்ள ரோல் எங்க போடுற?" என்று கேட்பவர்களிடம் தபால்தலை அளவு அட்டையை எடுத்துக் காட்டிப் பெருமைப்படுவேன், நானே கண்டுபிடித்ததுபோல. அந்தக் கமராவுக்கு ஒரு வியாதி. பற்றரி மாற்றினால் திகதி 2003 01 01க்குத் திரும்பிவிடும். படத்தின் மூலையில் தோடம்பழ நிறத்தில், செம்மஞ்சளாய், அதுவே பதியும். சரிசெய்யப் பல தடவை பொத்தான் அமுக்க வேண்டும். வெளியே அடையாள அட்டைக்கு வரிசை நிற்கும்.

"விடு மனே, தலைய மட்டும் வெட்டி எடுக்கப்போறம். மூலைய யார் பாக்கிற?" என்பார் அங்கிள்.

விட்டேன். கொப்பியில் நாளெழுதும் நான், கமராவில் விட்டேன்.

சுதனின் தாய் மலர் மாமி மட்டும், "ஒண்டு வெட்டாமத் தா மனே, முழு ஆளும் தெரியட்டும்" என்றார்.

"அம்மா, காலில செருப்பும் இல்ல" என்று சுதன் முறைத்தான்.

"ஓம், மாப்பிள்ளைக்குச் சப்பாத்து வேணுமாக்கும்!"

அந்த வருடமே, வவுணதீவுக்கு வேலைக்குப் போன சுதன் திரும்பவில்லை.

யுத்தம் முடிந்தபின், காணாமல்போனவர்களுக்கான விண்ணப்பத்தோடு மாமி என்னைத் தேடி வந்தார். பழைய படங்களெல்லாம் கடலோடு போய்விட்டன; அட்டைக்கு எடுத்த நாலும் அவனோடு போயின. இருந்தது அந்த ஒன்றுதான். அதைப் பார்த்த அலுவலர் சொன்னாராம்: "2003 எண்டு கிடக்கு. கடல் வந்தது அதுக்குப் பிறகு. மகன் கடலோட போகல்ல எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

நான் அமுக்காத பொத்தான் அவனை வேறொரு அழிவின் கணக்கில் சேர்த்துவிட்டது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு மாமியோடு போனேன். அலுவலர் புரட்டிப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினது. இதை இண்டைக்கும் எழுதலாம்தானே தம்பி?"

மாமி படத்தை மேசையில் தட்டினார்.

"எழுத்தை விடுங்க ஐயா. சுதனுக்குப் பின்னால பாருங்க. என்ன துணி அது?"

நீலத் துணி. அருவித் திரை போனபின் அங்கிள் கட்டியது. கடலுக்குப் பிறகு நிவாரணமாக வந்த கூடாரத்தின் துணி. ஓரத்தில் தையலும் கயிற்றுத் துளையும் தெளிவாகத் தெரிந்தன. அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்குக் கீழதான் நாங்களும் ஆறு மாசம் கிடந்தம்" என்றவர், படத்தின் திகதியைக் கோடு போட்டு வெட்டி, 'ஆழிப்பேரலைக்குப் பின்னர் எடுத்த படம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

இப்போது ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைபேசிக் கடை. அங்கிள் தங்கையிடம் போய்விட்டார். அந்தக் கமரா அட்டைகளை எந்தக் கணினியும் வாசிப்பதில்லை. மாமி ஒவ்வொரு விசாரணைக்கும் போகிறார். கூட நானும் போகிறேன். கடைசியாகப் போனபோது மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள்.

"அதுக்குத் திகதி போட வேணுமாம் மனே. நீதானே திகதிக்காரன், எந்தத் திகதியப் போடுற?" என்றார் மாமி.

கொப்பிகள் அனைத்தையும் பார்த்துவிட்டேன். சுதனுக்கு அப்படி ஒரு திகதி உண்டா என்பதே இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.