நான் திறக்காத இன்பாக்ஸ்

திண்டிவனத்தில் ஒரு லேபில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட்டுகள் லேபின் மெயிலிலிருந்து போகும்; பதில்கள் என் சொந்த மெயிலுக்கு வரும்படி வைத்திருந்தேன். மெயிலைப் படித்ததும் ‘படித்தாயிற்று’ என்று தகவல் வரவேண்டும் என்றும் டிக் செய்வேன். யாரிடமிருந்தும் வந்ததில்லை. எல்லோருக்கும் அலட்சியம் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று விழுப்புரத்து கிளினிக் ஒன்றிலிருந்து வந்த ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருந்தது. உடனே மெயில் அனுப்பினேன். அரைமணி நேரமாகியும் தகவல் இல்லை. கிளினிக்கில் போனையும் எடுக்கவில்லை. இருப்புக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

"ஒரு மெயிலைத் திறந்து பார்க்க முடியாதா சிஸ்டர்?" என்று கிளினிக் வாசலிலேயே கத்தினேன்.

நர்ஸுக்கு மூச்சு வாங்கியது. "அப்பவே பார்த்துட்டேன் மேடம். அந்த பேஷண்டை ஆட்டோவுல ஏத்திக்கினு போய் பெரியாஸ்பத்திரியில சேர்த்துட்டு இப்பதான் வர்றேன். படிச்சிட்டேன்னு பட்டனை அழுத்தினேனே, வரலீங்களா?"

லேபின் மெயிலைப் போனில் திறந்தேன். அனுப்புவதற்கு மட்டும்தானே என்று நான் எட்டிக்கூடப் பார்க்காத இன்பாக்ஸ் அது. நர்ஸின் தகவல், என் சொந்த மெயிலுக்கு வராமல், ரிப்போர்ட் போன முகவரிக்கே திரும்பி வந்திருந்தது. அதற்குக் கீழே மாதக்கணக்கில் எல்லோரும் அனுப்பியவை, ஒன்றுகூடத் திறக்கப்படாமல்.

"நெட்டு பேஜாரு பண்ணுது சிஸ்டர்" என்றேன். நம்பிவிட்டார். இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.